வாவிக்கரைக்கு வராத அன்னை

மட்டக்களப்பு நகரத்துப் புனித சிசிலியா பெண்கள் கல்லூரியைத் தெரியாதவர்கள் உங்களில் இருக்கமாட்டார்கள். அம்மம்மாவோ, பெரியம்மாவோ, மாமியோ, உங்கள் குடும்பத்தில் ஒருவராவது அந்த வகுப்பறைகளில் இருந்து படித்திருப்பார். அங்கே படிப்பித்த சகோதரிகளின் பெயருக்குப் பின்னால் ஏ. சி. என்ற இரண்டு எழுத்துக்கள் நிற்பதையும் கண்டிருப்பீர்கள். அப்போஸ்தலிக்க கார்மேல் சபை என்பதன் சுருக்கம் அது. ஆனால் அந்தச் சபையை ஆரம்பித்தவர் யார் என்று கேட்டால் நம்மில் அநேகர் திகைத்துத்தான் போவோம். சிஸ்டர்மாரைத் தெரியும், மதரைத் தெரியும், அவர்களுக்கெல்லாம் தாயானவரைத் தெரியாது.

தெரியாமற் போனதற்குக் காரணமும் உண்டு. அவர் நமது வாவியைக் கண்டதில்லை. அவருடைய பிள்ளைகள் இலங்கைக்கு வந்தது அவர் கண்மூடிப் பல ஆண்டுகள் சென்ற பின்னர்தான். இன்னும் ஒன்று சொன்னால் வியப்படைவீர்கள். தாம் தொடங்கிய சபை இந்தியாவிலே வேரூன்றிய மங்களூர் மடத்திற்கூட அவர் வாழவில்லை. விதையைக் கையில் எடுத்துக் கொடுத்தார். விதைத்தவர்கள் வேறு, அறுத்தவர்கள் வேறு.

அவர்தான் திருப்பாடுகளின் அன்னை வெரோனிக்கா. ஞானஸ்நானப் பெயர் சோபி லீவ்ஸ்.

போதகரின் மகள்

1823ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி கொன்ஸ்தாந்திநோபிள் நகரிலே அவர் பிறந்தார். இன்று இஸ்தான்புல் என்று அழைக்கப்படும் நகரம் அது. தந்தை ஹென்றி டானியல் லீவ்ஸ் கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் சபைப் போதகர். அந்நகரில் இருந்த பிரித்தானியத் தூதரகத்தின் ஆன்மப் பணியாளர். அத்துடன் பிரித்தானிய வேதாகமச் சங்கத்தின் முகவராகவும் இருந்து, வேதாகமத்தை அக்காலத்துக் கிரேக்கப் பேச்சுமொழியில் வெளிக்கொணரும் வேலையிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்.

இதைப் படிக்கும்போது நமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது அல்லவா? அதே 1840களில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரைத் துணையாகக்கொண்டு தமிழ் வேதாகமத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். மேசை நிறைய அகராதிகளும், ஒரு சொல்லுக்கு ஒரு நாள் முழுவதும் நடக்கும் விவாதமும் எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலேதான் சோபி வளர்ந்தார். சொல்லுக்கும் மொழிக்கும் மரியாதை கொடுக்கும் வீடு. ஒருவனுக்கு அவனுடைய மொழியிலே சொன்னால்தான் விளங்கும் என்ற உண்மையைப் பள்ளிக்கூடத்தில் அல்ல, தந்தையின் மேசையோரத்தில் இருந்தே அவர் கற்றிருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.

பின்னர் லீவ்ஸ் போதகரின் பணி கிரேக்க நாட்டிலே நடந்தது. ஏதென்ஸ் நகரில் ஆங்கிலிக்கன் மக்களுக்காக எழுப்பப்பட்ட புனித பவுல் ஆலயத்திற்கு அவரே முதற் போதகர். அந்த ஆலயம் 1843இல் அபிஷேகம் செய்யப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1845இல், அவர் காலமானார். மகளுக்கு அப்போது இருபத்தொரு வயது.

தந்தை இருந்திருந்தால் அடுத்து நடந்ததை எப்படி ஏற்றுக்கொண்டிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. 1850ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி, தேவமாதா பரிசுத்தராக்கப்பட்ட திருநாளன்று, மால்ட்டாத் தீவிலே சோபி கத்தோலிக்க திருச்சபையிலே சேர்ந்துகொண்டார்.

இன்று இதை நாம் இலேசாக வாசித்துவிடுகிறோம். அந்தக் காலத்து ஆங்கிலேயர் மத்தியில் அது இலேசான காரியம் அன்று. நியூமன் 1845இல் கத்தோலிக்கரான அதிர்ச்சி இங்கிலாந்திலே இன்னும் ஓயவில்லை. அதே 1850ஆம் ஆண்டின் இறுதியிலே, பரிசுத்த பாப்பரசர் இங்கிலாந்துக்கு மீண்டும் மேற்றிராணிமாரை நியமித்தபோது, தெருக்களிலே பாப்பரசரின் உருவப் பொம்மைகள் எரிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டிலே ஒரு போதகரின் மகள் கத்தோலிக்கராகிறார் என்றால், உற்றார் உறவினரின் வாசற்படிகள் எத்தனை மூடப்பட்டிருக்கும்! நமது பகுதியிலும் மதம் மாறிய குடும்பங்களின் முதல் தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அழைப்பில்லாமற் போவது என்ன என்று அவர்கள் சொல்வார்கள்.

மறு ஆண்டே, 1851இல், அவர் துறவறம் புகுந்தார். சேர்ந்தது தரிசனைப் புனித சூசையப்பர் சகோதரிகள் சபை. அதை நிறுவியவர் எமிலி டி வியாலர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 1951இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அல்ஜீரியாவிலும் மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலும் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் நடத்திய சபை அது. சோபி லீவ்ஸ் அங்கே அன்னை வெரோனிக்கா ஆனார்.

கோழிக்கோட்டுத் துறைமுகத்திலே

1862ஆம் ஆண்டு அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இடம், மலையாளக் கரையிலுள்ள கோழிக்கோடு. சுயஸ் கால்வாய் திறக்கப்பட இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அலெக்சாந்திரியாவிலே இறங்கி, எகிப்தை ரெயிலிலே குறுக்கறுத்து, சுயஸ் துறையிலே வேறு கப்பல் ஏறவேண்டிய காலம்.

கோழிக்கோட்டிலே அந்த 1862இல் ஆரம்பமான புனித சூசையப்பர் பெண்கள் பாடசாலை இன்றைக்கும் இருக்கிறது. அந்த மடத்தின் தலைவியாக வெரோனிக்கா இருந்தார். அங்கேதான் அவர் ஒரு விஷயத்தைக் கண்ணாரக் கண்டார். ஐரோப்பாவிலே தலைமை மடம், அங்கிருந்து எப்போதாவது வரும் இரண்டொரு சகோதரிகள். ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் ஒரு வகுப்பு மூடப்படும். பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள், ஆங்கிலமும் மலையாளமும் பேசும் பிள்ளைகளுக்கு முன்னால் என்ன செய்வார்கள்? நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது. படிப்பிக்கத் தெரிந்திருக்கவேண்டும். இந்த மண்ணுக்கென்றே ஆயத்தப்படுத்தப்பட்ட, இந்த மண்ணின் பெண்களையும் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆசிரியைகள் சபை வேண்டும்.

இதே எண்ணம் வேறொருவருக்கும் இருந்தது. கார்மேல் சபைக் குருவான மரி எப்ரேம் சுவாமி, பின்னாளில் மங்களூரின் மேற்றிராணியார். மேற்குக் கரையிலே கார்மேல் குருமார் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே உழைத்தவர்கள். ஆனால் பெண்பிள்ளைகளுக்கென்று அவர்களிடம் ஆசிரியைகள் இல்லை. மங்களூரிலோ பாசல் மிஷன் என்ற புரட்டஸ்தாந்து சபையினர் 1834 முதலே பாடசாலைகளைத் திறந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். நமது மட்டக்களப்பிலே மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இலேயே வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கியதையும், கத்தோலிக்கர் பின்னாலே ஓடிப் பிடிக்கவேண்டியிருந்ததையும் நினைத்துப் பாருங்கள். எல்லாக் கரையிலும் ஒரே கதைதான்.

இந்த இடத்திலே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வெள்ளைக்காரச் சகோதரிகள் வந்துதான் எல்லாம் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அதே ஆண்டுகளிலே கேரளத்தின் கூனம்மாவு என்ற ஊரிலே எலீஸ்வா என்ற விதவைப் பெண் மகளோடும் தங்கையோடும் சேர்ந்து, 1866இல், கார்மேல் மூன்றாம் சபை மடம் ஒன்றை ஆரம்பித்தார். மூங்கிற் பாயினால் மறைத்துக் கட்டிய வீடு என்பதால் அதைப் பனம்பு மடம் என்றே சொல்வார்கள். காலம் கனிந்திருந்தது, ஒவ்வொருவர் ஒவ்வொரு வழியாக அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விட்டுப் போவது

ஆனால் வெரோனிக்காவின் வழி இலகுவானது அன்று. அவர் ஏற்கெனவே ஒரு சபையிலே வார்த்தைப்பாடு கொடுத்தவர். அதை விட்டு வேறொரு சபைக்குப் போவதென்றால் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், ஓடிப்போனவள் என்ற பேச்சு மிஞ்சும். ஒருமுறை பிறந்த மதத்தை விட்டவர், இப்போது இரண்டாம் முறையும் ஒரு வீட்டை விடவேண்டும். நிலையில்லாத மனம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதிலே ஆச்சரியமில்லை. அப்படிச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினமும்கூட. அவருடைய முழு வாழ்வையும் பார்த்த பிறகே, அவர் ஒவ்வொரு முறையும் இலேசான இடத்தை விட்டுக் கடினமான இடத்துக்கே போனார் என்பது தெரிகிறது.

1867இலே அவர் பிரான்சு தேசத்தின் மார்செய் நகரிலே, அதே சூசையப்பர் சகோதரிகளின் மடத்திலே, நவசந்நியாசிகளைப் பார்க்கும் பொறுப்பிலே இருந்தார். கார்மேல் மடத்திலே சேர அவருக்கு அனுமதி வந்திருந்த வேளை அது. அந்த மடத்திலே மரியம் பவார்தி என்ற பலஸ்தீனத்துப் பெண் சேர்ந்திருந்தாள். கலிலேயாவிலே பிறந்து, சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, வீடு வீடாக வேலைக்காரியாக இருந்து வந்தவள். எழுத வாசிக்கத் தெரியாது. பிரெஞ்சு பேசினாலோ பிழை பிழையாக வரும். செபத்திலே அவளுக்கு ஏற்பட்ட அசாதாரணமான அனுபவங்களைக் கண்டு மடத்தார் பயந்தார்கள். இவள் நமக்குச் சரிவரமாட்டாள் என்று தீர்மானித்தார்கள்.

வெரோனிக்கா என்ன செய்தார் தெரியுமா? தாம் போகவிருந்த போ நகரத்துக் கார்மேல் மடத்துத் தலைவிக்கு எழுதி, இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அனுமதி கேட்டார். அவ்வாண்டு யூன் மாதத்திலே இருவரும் ஒன்றாக அந்த மடத்தின் வாசலிலே போய் நின்றார்கள். ஒருவர் நாற்பதைத் தாண்டிய, நன்கு படித்த ஆங்கிலப் பெண்மணி. மற்றவர் கையெழுத்துக்கூடப் போடத்தெரியாத அரபுப் பெண். வகுப்பிலே கடைசி வாங்கிலே இருக்கும் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஆசிரியத் தொழிலின் பாதி என்றால், அந்தப் பரீட்சையிலே வெரோனிக்கா அன்றைக்கே தேறிவிட்டார். அந்த மரியத்தைத்தான் 2015ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

மறு ஆண்டு, 1868 யூலை 16, கார்மேல் மாதா திருநாளன்று, பிரான்சின் தென்மேற்கு மூலையிலுள்ள பயோன் நகரிலே அப்போஸ்தலிக்க கார்மேலின் முதல் வீடு திறக்கப்பட்டது. நோக்கம் ஒன்றே: இந்திய மிஷனுக்குப் படிப்பிக்கப் போகும் சகோதரிகளை ஆயத்தப்படுத்துவது. செபத்திலே கார்மேல், வேலையிலே பள்ளிக்கூடம். ஆங்கிலம் தாய்மொழியாகவும் பிரெஞ்சு பழக்கமொழியாகவும் உடைய ஒருவர், மலையாளக் கரையிலே வகுப்பறையைப் பார்த்துவந்த ஒருவர், அந்த வேலைக்கு வேறு யார் பொருத்தம்?

மூன்று பேர்

1870ஆம் ஆண்டு. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டிருந்தது. அந்தக் கலவரத்தின் நடுவிலேதான் கப்பற் பயணம். பயோனிலே பயின்ற மூன்று சகோதரிகள் மரி தே சான்ஜ் அன்னையின் தலைமையிலே இந்தியாவுக்கு வந்தார்கள். போ நகரத்து அடைப்பு மடத்திலிருந்தும் ஒரு குழு மங்களூரிலே கார்மேல் மடம் அமைக்கப் புறப்பட்டது. மரியமும் அதிலே ஒருத்தி. வழியிலே ஏடனில் ஒருவர் இறந்தார், கோழிக்கோட்டிலே ஒருவர். தலைவியான எலியாஸ் அன்னையும் இறந்தார். நவம்பர் 19ஆம் திகதி மங்களூரிலே கால்வைத்தவர்களுக்கு இப்படித்தான் வரவேற்பு.

வெரோனிக்கா அவர்களோடு வரவில்லை. பயோனிலே இருந்து அடுத்த தொகுதியை ஆயத்தப்படுத்துவது அவர் வேலை. ஆனால் அந்த வீடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1873 ஏப்ரலிலே மரி எப்ரேம் ஆண்டகையும் மரணமடைந்தார். ஊக்கமளித்தவர் மறைந்தார், நாற்றுமேடையும் இல்லாமற்போயிற்று. வெரோனிக்கா மீண்டும் அடைப்பு மடத்துக் கம்பிக் கதவுக்குப் பின்னாலே போய்விட்டார். மரியமும் 1872இலேயே மங்களூரிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். பின்னர் பெத்லகேமிலே கார்மேல் மடம் கட்டச் சென்று அங்கேயே 1878இல் மரித்தாள்.

மனித கணக்கிலே பார்த்தால் எல்லாம் தோல்வி. மிஞ்சியது அந்த மூன்று சகோதரிகளும், மங்களூரிலே ஒரு சிறு பள்ளிக்கூடமும்தான்.

அந்த மூன்று, ஒரு சபையாக வளர்ந்தது எப்படி? இதற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். அந்தக் காலத்துச் சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1854இலே கல்வி பற்றிய புதிய கொள்கை வந்த பின்னர் இந்தியாவிலும், 1870 முதல் இலங்கையிலும், மிஷன் பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. பரிசோதகர் வருவார், பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்ப்பார், ஆசிரியருடைய தராதரப் பத்திரத்தைப் பார்ப்பார். பயிற்றப்பட்ட ஆசிரியை இருந்தால் பணம் வரும், இல்லாவிட்டால் வராது.

இதிலே துறவறச் சபைகளுக்கு ஒரு தனிப் பலம் இருந்தது. தராதரம் பெற்ற சகோதரி ஒருவரின் சம்பளம் அவர் கைக்குப் போவதில்லை. ஏழ்மை வார்த்தைப்பாட்டின்படி அது மடத்துப் பொதுப்பெட்டிக்குப் போகும். மடத்துக்குத் தேவையான அரிசி பருப்புக்கு ஒரு பங்கு. மீதியிலே கட்டணம் கட்ட முடியாத பிள்ளையின் புத்தகம், அநாதைப் பிள்ளையின் சாப்பாடு, அடுத்த வகுப்பறையின் கூரை. ஆகவே நன்றாகப் படிப்பிப்பது வேறு, தருமம் செய்வது வேறு என்று அங்கே இரண்டு கணக்குப் புத்தகம் இல்லை. ஒரு சகோதரி பரீட்சையிலே தேறினால் பத்துப் பிள்ளைகள் சாப்பிடும். வெரோனிக்கா பயோனிலே பயிற்சிக்கு ஏன் அவ்வளவு முதன்மை கொடுத்தார் என்பது இப்போது விளங்குகிறதா? தொழிலறிவு இல்லாத தருமம், யாராவது கொடுக்கும்வரைதான் ஓடும்.

இதனாலேதான் அந்தச் சபை பாடசாலைகளோடு நிற்கவில்லை. மங்களூரிலே 1921இல் புனித ஆக்னேஸ் மகளிர் கல்லூரி, பாட்னாவிலே 1940இல் பெண்கள் கல்லூரி, கோழிக்கோட்டிலே 1952இல் பிரொவிடன்ஸ் கல்லூரி, பின்னர் குவைத்திலும் பாடசாலை என்று அது விரிந்தது. எழுதத்தெரியாத மரியத்தைக் கைப்பிடித்துக் கூட்டிச் சென்றவரின் சபை பட்டதாரிகளை உருவாக்கத் தொடங்கியது.

வெரோனிக்கா இதிலே பெரும்பகுதியைக் காணவில்லை. 1906ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, போ நகரத்துக் கார்மேல் மடத்திலே, எண்பத்து மூன்றாவது வயதிலே அவர் இறந்தார். 2014இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

எழுவான்கரையும் படுவான்கரையும்

இனி நமது வாவிக்கு வருவோம்.

திருகோணமலை மறைமாவட்டம் 1893இலே யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பிரெஞ்சு யேசுசபைக் குருமாரிடம் ஒப்படைக்கப்பட்டது. மட்டக்களப்பும் அதற்குள் அடங்கியது. நமக்கென்று தனி மறைமாவட்டம் வந்தது 2012இலேதான். 1920களிலே, கஸ்தோன் ரொபிஷே ஆண்டகையின் காலத்திலே, மங்களூரிலிருந்து கார்மேல் சகோதரிகள் கிழக்குக் கரைக்கு வந்தார்கள். திருகோணமலையிலே புனித மரியாள் கன்னியர் மடம், மட்டக்களப்பிலே புனித சிசிலியா. கல்முனையிலே பற்றிமாக் கல்லூரியின் பெயரிலேயே கார்மேல் இருக்கிறது.

அவர்கள் வந்த காலத்து மட்டக்களப்பை நினைத்துப் பாருங்கள். கல்லடிப் பாலம் 1924இலேதான் வந்தது. அதுவரைக்கும் கல்லடியிலிருந்து நகருக்கு வர ஓடத்தை நம்பவேண்டும். ரெயில் 1928இலே வந்தது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரைப் பிள்ளைக்கே பள்ளிக்கூடம் எட்டாது என்றால் படுவான்கரைப் பிள்ளையைச் சொல்லவும் வேண்டுமா?

இந்த இடத்திலே நமது மண்ணின் ஒரு விசித்திரத்தையும் நினைத்துப்பார்க்கிறேன். தமிழ் பேசும் வேறு பல ஊர்களிலே காணி வீடு ஆண்பிள்ளைக்கு. மட்டக்களப்பிலே வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. குடிவழி தாய்வழி. கல்யாணம் முடித்தவன் பெண்வீட்டுக்குத்தான் வந்து இருப்பான். அவ்வளவு மதிப்புக் கொடுத்த நாங்கள், அந்தப் பெண் தன் பேரிலே எழுதிய சீதன உறுதியைத் தானே வாசிக்கவேண்டும் என்று எண்ணினோமா? சொத்தைக் கொடுத்தோம், எழுத்தைக் கொடுக்கவில்லை. கைநாட்டு வைத்த வளவுக்காரிகள் எத்தனை பேர்!

போடிங் என்று நாங்கள் சொல்லும் விடுதிதான் இந்த முடிச்சை அவிழ்த்தது. தூரத்துக் கிராமத்துப் பிள்ளை தவணைக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து மடத்திலே இருந்து படித்தாள். சில வீட்டார் நெல் கொடுத்தார்கள், சில வீட்டார் ஒன்றும் கொடுக்கவில்லை. கத்தோலிக்கப் பிள்ளையும் சைவப் பிள்ளையும் ஒரே வாங்கிலே இருந்தார்கள். படித்து முடித்த பிள்ளைகளிலே பலர் ஆசிரியைகளாகத் தங்கள் ஊருக்கே திரும்பிப் போனார்கள். நமது பகுதியிலே ரீச்சர் என்று சொன்னால் முதலில் ஒரு பெண்ணின் முகமே மனதிலே வருகிறதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலம் படித்தால்தான் மதிப்பு என்ற எண்ணத்துக்கு மடத்துப் பாடசாலைகளும் எண்ணெய் வார்த்தன. நாடெங்கும் கட்டணம் கட்டும் ஆங்கிலப் பாடசாலை ஒரு பக்கம், இலவசத் தமிழ்ப் பாடசாலை மறுபக்கம் என்று இருந்த பிளவு, 1945இலே இலவசக் கல்வி வந்த பிறகுதான் குறையத் தொடங்கியது. தகப்பனுடைய மேசையிலே ஒவ்வொரு மக்களுக்கும் அவரவர் மொழி என்று பார்த்து வளர்ந்த வெரோனிக்கா இதைக் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கட்டடம் போனபோது

பின்பு 1960 வந்தது. உங்களிலே வயது சென்றவர்களுக்கு அது இன்னும் நேற்றுப்போல இருக்கும். 1960இலும் 1961இலும் நிறைவேறிய இரண்டு சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. தீவின் பல இடங்களிலே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே இரவு பகலாகக் குடியிருந்து எதிர்த்தார்கள். அரிசி காசு சேர்த்துக் கட்டிய கட்டடங்கள், பங்குமக்கள் மண் சுமந்து நிரப்பிய வளவுகள், இனி நம்முடையவை அல்ல.

அந்தக் கோபம் நியாயமானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் நின்று பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. கட்டடத்தை எடுத்தார்கள், தராதரப் பத்திரத்தை எடுக்க முடியவில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியைகளான சகோதரிகள் அரசாங்க ஆசிரியைகளாக அதே கரும்பலகைக்கு முன்னாலே நின்றார்கள். தருமத்தை நம்பி மட்டும் வந்திருந்தால் அன்றைக்கே திரும்பிப் போயிருக்கவேண்டும். தொழிலைக் கற்று வந்ததாலே இருக்க முடிந்தது. சம்பளம் அரசாங்கத்திலிருந்து வந்தது. அது போன இடம் பழைய பொதுப்பெட்டிதான்.

வெரோனிக்காவின் கதையும் இதுதானே. பயோன் வீடு அவர் கையைவிட்டுப் போனது. தாம் நிறுவிய சபையைத் தாம் நடத்தும் பாக்கியமும் போனது. இழந்த வீட்டைத் திரும்பக் கேட்டு அவர் தம் வாழ்நாளைச் செலவிடவில்லை. பயிற்றி அனுப்பிய மூன்று பேர் இருந்தார்கள், அது போதுமாயிருந்தது. சொத்து நமதாக இருந்தால்தான் பணி நமது என்று எண்ணும் எங்களைப் போன்றவர்களுக்கு இது விழுங்கக் கடினமான மருந்து. நானும் இன்னும் முழுவதும் விழுங்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பின்னர் வந்தவற்றை நான் விரித்துரைக்கத் தேவையில்லை, நீங்கள் அவற்றினூடே வாழ்ந்தவர்கள். யுத்த காலத்திலே பாடசாலைகளே அகதி முகாம்களாயின. 2004 மார்கழி 26இலே கடல் வந்தது. தகப்பனை இழந்த பிள்ளைகளும், தாய் மத்திய கிழக்கிலே வேலைக்குப் போன பிள்ளைகளும் வகுப்பறைகளை நிரப்பினார்கள். இன்றைக்கு இந்தப் பகுதிப் பெண்பிள்ளைகள் ஆசிரியப் பயிற்சிக்குக் கடல்கடக்க வேண்டியதில்லை. தாளங்குடாவிலே தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஆனால் படுவான்கரையின் உட்கிராமங்களுக்கு நியமனம் கிடைத்தால் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியைகளும் உண்டு. அவர்களைக் குறைசொல்வது சுலபம். பஸ் இல்லாத பாதையிலே தினமும் போய்வரும் ஓர் இளம் ஆசிரியைக்குத் தங்க ஒரு பாதுகாப்பான அறையை நமது பங்குகள் ஒழுங்குசெய்து கொடுக்கின்றனவா என்று முதலில் கேட்டுக்கொள்வோம். ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு வண்டி வண்டியாகப் போகும் எங்களுக்கு அந்தப் பாதை தெரியாதது அல்ல.

நவம்பர் மாதம் வருகிறது. 16ஆம் திகதி வெரோனிக்கா அன்னை இறந்த நாள். 19ஆம் திகதி அந்த மூவரும் மங்களூருக்கு வந்து சேர்ந்த நாள். 22ஆம் திகதி புனித சிசிலியா திருநாள். 1978இலே அந்தத் திருநாளுக்கு மறுநாள், 23ஆம் திகதி இரவு, சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. தென்னைகள் முறிந்து கிடந்தன, வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் கூரை இல்லை. பிறகு மழை விட்டதும், ஓடில்லாத வகுப்பறைகளிலே நனைந்த புத்தகங்களை வெயிலிலே விரித்துக் காயவைத்து, இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள் நமது ஆசிரியைகள்.